சிங்கப்பூர் – கோலாலம்பூர் வான்வழி

சிங்கப்பூர் – கோலாலம்பூர் வான்வழி என்பது தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பரபரப்பான விமானத் தடங்களுள் ஒன்றாகும். சாங்கி விமான நிலையத்திற்கும் கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்திற்கும் இடையிலான நேர்த் தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். சாலை வழியே சென்றால் சுமார் 350 கிலோமீட்டர் வரும். விமான அட்டவணைகள் இதற்கு ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்டுகின்றன. அதில் வானில் பறப்பது முக்கால் மணி நேரம்தான். மீதி நேரம் ஓடுபாதைக்கு நகர்வதிலும், இறங்கியபின் ஊர்ந்து சேர்வதிலும் கழிகிறது.

வரலாறு

சிங்கப்பூரின் காலாங் விமான நிலையம் 1937 ஜூன் 12-இல் திறக்கப்பட்டது. அதே மாதம் 28-ஆம் தேதி வேர்ன் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு நகரங்களை இணைக்கும் விமானச் சேவையைத் தொடங்கியது. டிராகன் ராப்பீட் என்ற அந்தச் சிறு விமானத்தில் எட்டுப் பேர் வரை அமரலாம். இரண்டாம் உலகப் போர் அந்தச் சேவையை முடித்து வைத்தது.

போருக்குப் பின் மலாயன் ஏர்வேஸ் வந்தது. 1947 மே 1 முதல் ஏர்ஸ்பீட் கான்சல் விமானங்கள் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு நகரங்களுக்கு அட்டவணைப்படி பறந்தன. மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் செல்லும் விமானம் அது. கோலாலம்பூரை அடைய ஒன்றேகால் மணி நேரத்திற்கு மேல் பிடித்திருக்கும். ஆனால் ஒரு வசதி இருந்தது. காலாங் நிலையமும் கோலாலம்பூரின் சுங்கை பீசி நிலையமும் நகரை ஒட்டியே இருந்தன.

அப்போது இரு நகரங்களும் பிரித்தானிய ஆட்சியில் இருந்தன. 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்ததும் உள்நாட்டுப் பயணம் வெளிநாட்டுப் பயணம் ஆயிற்று. விமான நிறுவனம் மட்டும் சில ஆண்டுகள் பொதுவாகவே நீடித்தது. 1972-இல் அதுவும் இரண்டாகி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசிய ஏர்லைன் சிஸ்டம் எனத் தனித்தனியே பறக்கத் தொடங்கின. கடிகாரம் விஷயத்தில் இரு நாடுகளும் பிரியவில்லை என்பது வியப்புக்குரியது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இல் அரை மணி நேரத்தை முன்தள்ளியபோது சிங்கப்பூரும் உடன் சென்றது. அதனால் இத்தடத்தில் பயணச்சீட்டின் இரு நேரங்களையும் அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

பயண நேரம்

விமானங்கள் வேகமாகின, விமான நிலையங்களோ விலகிப் போயின. சிங்கப்பூரில் காலாங்கிற்குப் பின் 1955-இல் பாய லேபார், 1981-இல் தீவின் கிழக்கு முனையில் சாங்கி. கோலாலம்பூரில் 1965-இல் சுபாங், 1998-இல் சிப்பாங். சிப்பாங் தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்கான வான்தொலைவு சற்றுக் குறைந்தது உண்மைதான். ஆனால் அங்கிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு இரயில் பாதை 57 கிலோமீட்டர். 2002-இல் தொடங்கிய விரைவு இரயிலே 28 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. கடவுச்சீட்டு வரிசை, பெட்டிச் சோதனை இவற்றைக் கூட்டினால் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு நான்கு மணி நேரம் எளிதாக ஆகிவிடும். பேருந்துக்காரர்கள் இத்தடத்தில் இன்னும் பிழைத்திருப்பது இதனால்தான்.

கட்டணமும் ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. 2008 பிப்ரவரியில் மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கு இத்தடம் திறந்துவிடப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் ஆண்டுக்கு 30,000 விமானங்களைத் தாண்டி, உலகிலேயே அதிக விமானங்கள் பறக்கும் பன்னாட்டுத் தடமாக இது உயர்ந்தது.

இரு நகரங்களையும் 90 நிமிடத்தில் இணைக்க 2016-இல் ஒப்பந்தமான அதிவேக இரயில் திட்டம் 2020 டிசம்பர் 31-இல் காலாவதியானது. இதற்கிடையே 2019 ஏப்ரலில் பயர்பிளை நிறுவனம் பழைய சுபாங்கிலிருந்து சிங்கப்பூரின் சிறிய சிலேத்தார் நிலையத்திற்குச் சுழல்விசிறி விமானங்களை இயக்கத் தொடங்கியது. ஜெட் விமானத்தைவிட வேகம் குறைந்தவை அவை. ஆனாலும் நகருக்கு அருகில் ஏறலாம் என்பதற்காகவே பலர் அவற்றைத் தேடிச் சென்றனர்.