கை மாறி வந்த தாள்

ஒரு தாள். மேலே ஒரு வரி: வரும் மூன்று மாதத்தில் நாம் எங்கே போய்ச் சேர வேண்டும்? அதற்குக் கீழே மூன்று, நான்கு வரிகள்: போய்ச் சேர்ந்துவிட்டோம் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வோம்? இதற்கு ஓ.கே.ஆர். என்று பெயர். முதல் வரி நோக்கம், மற்றவை அந்த நோக்கத்தின் அளவுகோல்கள். வேகமாக வளரும் நிறுவனங்களின் தலைவர்கள் இன்று பல நாடுகளில் இதை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தாள் தானாக எங்கும் போனதில்லை. ஒருவர் எதிரில் இன்னொருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அதனால்தான் இதன் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கதை பீட்டர் டிரக்கரிடம் தொடங்குகிறது. 1909-ல் வியன்னாவில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஜெர்மனியை விட்டு லண்டனுக்குப் போனார். 1937-ல் அங்கிருந்து அமெரிக்கா. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் உள்ளே நுழைந்து, அவ்வளவு பெரிய அமைப்பு எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தார். 1954-ல் அவர் எழுதிய நிர்வாக நூலில் ஓர் எண்ணத்தை முன்வைத்தார்: வேலை செய்பவரிடம் எப்படிச் செய்வது என்று கட்டளையிடுவதைவிட, எதை அடைவது என்பதில் அவரோடு சேர்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள். இலக்குகளின் வழியே நிர்வாகம், சுருக்கமாக எம்.பி.ஓ., என்ற பெயரில் அது பரவியது. பரவப் பரவ உயிர் குறைந்தது. பல இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மேலிடம் எழுதி இறக்கிவிடும் படிவமாக, சம்பள உயர்வோடு முடிச்சுப் போட்ட சடங்காக அது சுருங்கியது.

அதை உயிர்ப்பித்தவர் புடாபெஸ்ட்டில் பிறந்தார். ஆண்டி குரோவ், பிறப்பு 1936. நான்கு வயதில் வந்த செங்காய்ச்சல் காது கேட்கும் திறனைப் பெரும்பாலும் கொண்டுபோனது. யூதக் குடும்பம் என்பதால், நாஜிகள் வந்தபோது தாயோடு பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ வேண்டியிருந்தது. 1956-ல் சோவியத் டாங்குகள் ஹங்கேரிய எழுச்சியை நசுக்கியபோது, 20 வயது இளைஞராக எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குள் போனார்.

வியன்னாவையும் புடாபெஸ்ட்டையும் இணைத்த பழைய சாலையில் கோச் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த வேகமான குதிரை வண்டி அந்த ஊரின் பெயரையே சுமந்துகொண்டு ஐரோப்பா முழுவதும் ஓடியது. 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தங்களைத் தேர்வில் கரைசேர்க்கும் ஆசிரியரை அந்தச் சொல்லால் அழைத்தார்கள். நம் ரயில் பெட்டியும் கிரிக்கெட் பயிற்சியாளரும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வது இதனால்தான். ஒரே சாலையின் இரு முனைகளில் பிறந்த இரண்டு அகதிகள், தொழில் தலைவர்களைக் கோச் செய்யும் கருவி ஒன்றை உலகுக்குத் தந்திருக்கிறார்கள்.

1968-ல் சில்லு நிறுவனமான இன்டெல் அமெரிக்காவில் தொடங்கிய நாள் முதல் குரோவ் அங்கே இருந்தார். வளரும் நிறுவனத்தின் நோய் அவருக்குத் தெரியும். பத்துப் பேர் இருக்கும்போது, தலைவர் தொண்டையைக் கனைத்தாலே எல்லோருக்கும் கேட்கும். ஆயிரம் பேரானதும் அவர் சொன்னது பத்து வாய் மாறி வேறொன்றாகப் போய்ச் சேரும். எல்லோரும் உழைப்பார்கள், ஆனால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். டிரக்கரின் எண்ணத்தை எடுத்து குரோவ் அதன் நடையை மாற்றினார். ஆண்டுக்கு ஒருமுறை என்பது குறுகிய கால அளவாயிற்று. இலக்குகள் மேலிருந்து மட்டும் வராமல், வேலை செய்பவரும் தனக்கானதைத் தானே எழுதினார். சம்பளத்தோடு போட்ட முடிச்சும் தளர்ந்தது. இது மதிப்பெண் போடும் சட்ட ஆவணம் அல்ல, ஓடுபவர் தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ள அவர் கையில் கொடுக்கும் ஸ்டாப்வாட்ச் என்பது அவர் கருத்து. 1983-ல் வெளிவந்த தன் நூலில் அவர் சொன்ன உதாரணம் கொலம்பஸ். கீழை நாடுகளுக்கு வழி கண்டுபிடிப்பதுதான் அவர் ஏற்றுக்கொண்ட இலக்கு. அதில் அவர் தோற்றார். அதற்காக அவர் செய்த வேலை மோசம் என்று யாராவது சொல்ல முடியுமா?

1975 கோடையில் ஜான் டோயர் என்ற இளைஞர் இன்டெல்லுக்குப் பயிற்சிப் பணியாளராக வந்தார். குரோவ் ஊழியர்களுக்குத் தானே நின்று வகுப்பெடுப்பார். அந்த வகுப்பில் டோயர் இந்தத் தாளைக் கற்றார். அதன் வலிமையை அவர் கண்ணால் கண்டது 1980-ல். மோட்டரோலாவின் புதிய சில்லு இன்டெல்லின் 8086-ஐ ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. இன்டெல் வைத்த இலக்கு: ஓர் ஆண்டுக்குள் 2,000 தயாரிப்புகளில் தன் சில்லு இடம்பெற வேண்டும். பொறியாளரும் விற்பனையாளரும் விளம்பரப் பிரிவும் அந்த ஒரே எண்ணைப் பார்த்து ஓடினார்கள். ஆண்டு முடிவில் 2,000-ஐத் தாண்டினார்கள். அந்தப் போட்டியில் வென்ற வாய்ப்புகளில் ஒன்று, 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். கணினி.

டோயர் பிறகு முதலீட்டாளர் ஆனார். அவருடைய நிறுவனமும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து 1999-ல் 2.5 கோடி டாலரை கூகுளில் போட்டன. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மவுன்டன் வியூ அலுவலகத்துக்கு அவர் ஒரு விளக்கப் படத்தோடு போனார். எதிரில் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜ், செர்கே பிரின், இன்னும் ஏறக்குறைய முப்பது பேர். கூட்டம் நடந்தது ஒரு டேபிள் டென்னிஸ் மேசையைச் சுற்றி. அவர் உபதேசம் செய்யவில்லை. அன்றைய கூட்டத்துக்குத் தன்னுடைய தாளையே எழுதிக் காட்டினார். நோக்கம்: இவர்களுக்கு ஒரு திட்டமிடும் முறை அமைய வேண்டும். அளவுகோல்கள்: பேச்சைச் சரியான நேரத்தில் முடிப்பது, கூகுளுக்கு மாதிரித் தாள்கள் எழுதித் தருவது, மூன்று மாதச் சோதனைக்குச் சம்மதம் பெறுவது. சொல்லிக்கொடுப்பவர் முதலில் தன்னை அளவுக்கு உட்படுத்திக்கொண்டார். நல்ல ஆசான் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

தாள் வந்துவிட்டால் மட்டும் போதாது என்பதும் விரைவில் தெரிந்தது. 2001-ல் கூகுள் தன் பொறியியல் பிரிவில் மேலாளர்களே வேண்டாம் என்று ஒரு சோதனையில் இறங்கியது. அந்த ஆண்டுதான் எரிக் ஷ்மிட் தலைமைக்கு வந்தார். பில் கேம்பெல் என்பவரைக் கோச்சாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்குச் சொன்னவர் டோயர். எனக்கெதற்குக் கோச் என்று ஷ்மிட் முதலில் தயங்கினார். கேம்பெல் உண்மையிலேயே மைதானத்துக் கோச். 1974 முதல் 1979 வரை கொலம்பியா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியளித்து 12 ஆட்டங்களில் வென்று 41-ல் தோற்றவர். பிறகு ஆப்பிளில் வேலை பார்த்து, இன்டூயிட்டின் தலைவராக இருந்தவர். மேலாளர் வேண்டுமா என்று அவருக்கும் தலைவர்களுக்கும் வாதம் நீண்டபோது, பொறியாளர்களையே கேட்போம் என்று முடிவானது. வேண்டும் என்றார்கள் அவர்கள். கற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும், இழுபறி வந்தால் முடிவெடுக்க ஒருவர் வேண்டும்.

நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் ஆயிரம் பேரை எல்லோரும் பார்ப்பார்கள். சக்கரத்தடியில் குனிந்து கட்டை வைப்பவரை அதிகம் பேர் கவனிப்பதில்லை. முட்டுக்கட்டை என்ற சொல்லைப் பேச்சில் தடை என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். தேரடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வீதி முனையில் தேரைத் திருப்புவதே அந்தக் கட்டைதான். வேகமாக வளரும் நிறுவனத்தில் இழுப்பதற்கு ஆட்கள் குறைவதில்லை. சரியான நொடியில், சரியான சக்கரத்தின் கீழ் ஒரு கேள்வியை வைப்பவர்தான் அரிது. கேம்பெல் அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்றார்.

தாளுக்குக் கடினமான சோதனை 2008-ல் வந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை கூகுளின் குரோம் உலாவிக்குப் பொறுப்பாக இருந்தார். முதல் ஆண்டு இலக்கு 2 கோடிப் பயனர்கள், எட்டவில்லை. மறு ஆண்டு இலக்கைக் குறைப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். 5 கோடி என்று ஏற்றினார்கள். 3.8 கோடியில் நின்றது. 2010-ல் இலக்கு 11.1 கோடி! இரண்டு முறை தவறிய எண், குழுவைத் தன் வழிகளை மாற்றிக்கொள்ள வைத்தது. கணினி தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள், மேக் கணினிக்கும் குரோமைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு இலக்கு கைக்கு வந்தது. கூகுளில் ஒரு தாளுக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண், 0.7 நல்ல மதிப்பெண்தான். எல்லாவற்றிலும் 1 வாங்கினால் இலக்கை எளிதாக வைத்துவிட்டார்கள் என்று பொருள். கொலம்பஸ் பற்றி குரோவ் எழுதியதன் நடைமுறை வடிவம் இது.

எண் மட்டும் தனியாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்கச் சொல்லி ஊழியர்களை நெருக்கியது. கேட்காதவர்கள் பெயரிலெல்லாம் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் வந்தது. ஏறக்குறைய 5,300 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். அங்கேயும் இலக்கு இருந்தது. இந்த எண்ணை எட்ட எதை இழக்கிறோம் என்று எதிரில் உட்கார்ந்து கேட்க ஆளில்லை. மாதக் கடைசியில் "டார்கெட் என்னாச்சு?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு வயிறு கலங்கிய நம் விற்பனைப் பிரதிநிதிகள் அனைவருக்கும் இந்தக் கதை புரியும். அவர்கள் கையில் இருப்பது ஸ்டாப்வாட்ச் அல்ல. முதுகுக்குப் பின்னால் வேறொருவர் பிடித்திருக்கும் சாட்டை.

2016 மார்ச்சில் குரோவ் இறந்தார். அடுத்த மாதமே கேம்பெல்லும் போனார். 2018-ல் டோயர் தான் கற்றதை ஒரு நூலாக எழுதினார். முன்னுரை லாரி பேஜ். கடைசிப் பக்கங்கள் கேம்பெல்லின் நினைவுக்கு. இன்று இந்தத் தாள் மென்பொருளாகிவிட்டது. பின்தங்கினால் சிவப்பு, முன்னேறினால் பச்சை என்று அதுவே வண்ணம் காட்டும்.

உங்கள் நிறுவனம் வேகமாக வளர்கிறது என்றால், அந்த வண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சிவப்பாகத் தெரியும் வரிக்கு உரியவரை அழைத்து எதிரில் உட்காரச் சொல்லுங்கள். முதலில் உங்கள் தாளை அவரிடம் காட்டுங்கள், அதில் தவறியவற்றையும் சேர்த்து. பிறகு அவருடைய தாளைக் கேளுங்கள்.