ராட்டினக் குதிரையின் ஓவியம்

திருவண்ணாமலையில் வலம் வருவோர் செங்கம் சாலையில் இரமணாசிரமத்தைக் கடந்து நடக்கையில், மலை அவர்களுக்கு வலப்புறமாகவே நிற்கிறது. பாதை 14 கிலோமீட்டர். நடப்பவரின் பார்வை உள்நோக்கியது. கார்த்திகைத் திருவிழாக் காலத்தில் அவ்வூரில் சுழலும் குடை ராட்டினத்தின் குதிரையோ தன் அழகை வெளிநோக்கிக் காட்டுவது.

மேலைநாட்டுத் தச்சர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். இங்கிலாந்தின் ராட்டினங்கள் மலைவலத்தைப் போலவே வலமாகச் சுழல்பவை. ஆகவே அங்கே குதிரையின் இடப்பக்கம் அணிசெய்யப்பட்டது. அமெரிக்காவில் அவை இடமாகச் சுழன்றன. வலப்பக்கம் பூவும் மணியும் பெற்றது. உட்பக்கம் எளிமையாக விடப்பட்டது. இதனைச் சிக்கனம் என்பர் சிலர். வரிசையில் காத்து நிற்கும் குழந்தை எப்பக்கம் நிற்கும் என்பதைத் தச்சர் மறவாமையே இது என்போம் நாம். பலகைகளை ஒட்டி, எடை குறைய உடலின் உள்ளே வெற்றிடம் விட்டுச் செதுக்கினர். 1867-இல் பிலதெல்பியாவில் ராட்டினம் செய்யத் தொடங்கிய குஸ்தாவ் டென்ட்செல், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்.

இக்குதிரைகளை நாம் இன்று ஓவியங்களாகவும் காண முடிகிறது. 1929-இன் பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்த ஓவியர்களுக்குப் பிழைப்பளிக்க, அமெரிக்க அரசு 1935-இல் ஒரு திட்டம் வகுத்தது. பொம்மை, பூட்டு, பெட்டி, ராட்டின விலங்கு என மக்கள் கைவினைப் பொருள்களை நீர்வண்ணத்தில் வரைவதே பணி. 1942 வரை 18,000-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின. அவை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன.

அவ்வோவியர்கள் தம் கற்பனையைச் சேர்த்தல் கூடாது. வண்ணம் உதிர்ந்த இடத்தை உதிர்ந்தவாறே, மரம் வெடித்த கோட்டை வெடித்தவாறே தீட்ட வேண்டும். பசியால் வந்தவர்கள் இத்துணைப் பொறுமை காட்டியது நமக்கு வியப்பே. குதிரைக்குப் புதுப்பூச்சு தருவது எளிது. ஏறி இறங்கிய பிள்ளைகளின் தேய்வை மதித்து வரைவது அரிது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் செதுக்கிய மரம் போய், அச்சில் வார்த்த கண்ணாடியிழைக் குதிரைகள் வந்தன. திருவண்ணாமலையின் எட்டாம் நாள் குதிரை வாகனத்தைக் காக்கக் கோயில் உண்டு. வேளாங்கண்ணித் திடலிலும் தீபத் திடலிலும் நம் பிள்ளைகளைச் சுமந்த ராட்டினக் குதிரைக்கு யார் உண்டு? அடுத்த திருவிழாவுக்குச் செல்லும் நம் இளைஞர் ஒரு தாளும் வண்ணப்பெட்டியும் கொண்டு செல்வாராக. மரக்குதிரை ஒன்றேனும் தென்பட்டால், அதன் இரு பக்கத்தையும் வரைந்து வரலாம். செய்தவர் பெயர் தெரிந்தால் அதையும் கீழே எழுதலாம்.