கல்முனைக் கரையும் நல்லிணக்கச் சட்டங்களும்

மட்டக்களப்பிலிருந்து கடலோர வீதியாலே தெற்கு நோக்கிச் செல்லும் ஒருவர், பெரியநீலாவணையை அண்மியதும் ஒரு புதுமையைக் காண்பார். ஊர்கள் மாறி மாறி வரும். பெரியநீலாவணையைக் கடந்தால் நெசவுக்குப் பேர்போன மருதமுனை. அது முஸ்லிம்களின் ஊர். அடுத்துள்ள பாண்டிருப்பு, திரௌபதை அம்மன் கோயிற் தீமிதிப்பினாற் புகழ்பெற்ற தமிழர் ஊர். கல்முனை நகரிலே இரு சாராரும் வாழ்கின்றனர். கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம்களுடையவை. விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு தமிழருடையது. அப்பால் நிந்தவூரில் மீண்டும் பள்ளிவாசல் மினாராக்கள் தோன்றும். ஆயின் எந்த ஊரிலே இறங்கி வழி கேட்டாலும் விடை தமிழிலேயே கிடைக்கும்.

மொழி மட்டுமன்று, நேயர்களே, குடிமுறையும் இவர்க்குப் பொதுவானது. தாய்வழியாகக் குடி எண்ணும் வழக்கம் இக்கரையிலே தமிழரிடத்தும் உண்டு, முஸ்லிம்களிடத்தும் உண்டு. கோயில் நிருவாகத்திலே குடிக்கு இடமிருப்பது போலவே, பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிக்கொரு மரைக்காயர் என்ற முறை வழங்கி வந்துள்ளது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம் முடிப்பர்; மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். ஆகவே இங்கே வீடென்பது பெண்ணின் சொத்து. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் இது வேண்டப்படும்.

இத்துணை ஒத்த வாழ்வுடைய மக்களிடையே பிளவு எங்ஙனம் வந்தது? அதற்கு விடைகள் பல. இன்றைய பேச்சிலே யான் எடுத்துக்கொண்டது அவற்றுள் ஒன்றையே. இன ஒற்றுமைக்காக இந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டங்களும் உடன்படிக்கைகளும், இக்கரையின் முஸ்லிம் மக்களை எந்த இடத்தில் வைத்து எண்ணின என்பதே அது.

1956 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே கல்முனையில் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வெற்றி பெற்றனர். தமிழ் மொழிக்கு உரிமை கேட்ட கட்சியின் வேட்பாளர்களை இங்குள்ள முஸ்லிம் வாக்காளரே தெரிந்தெடுத்தனர். அவ்வாண்டே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. வெற்றி பெற்ற இருவரும் பின்னர் அரசாங்கத் தரப்பிற் சேர்ந்துகொண்டனர். அவர்களைக் குறைகூற யான் வரவில்லை. தம் தொகுதிக்குக் காணியும் நீரும் பாடசாலையும் வேண்டுமென்றால் ஆட்சியாளரோடு நிற்பதே வழியென்று அவர்கள் கருதியிருக்கலாம். கல்லோயாத் திட்டத்தினால் மேற்கே புதிய குடியேற்றங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. 1961 இல் மட்டக்களப்பினின்றும் பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமாயிற்று. கல்முனை விவசாயி தன் கச்சேரி அலுவலுக்கு மேற்குத் திசை நோக்கிச் செல்லவேண்டியவனானான்.

1957 ஜூலையிலே பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்படிக்கை, கிழக்கு மாகாணத்தை இரண்டோ அதற்கு மேற்பட்டோ பிராந்தியங்களாகப் பிரிக்கலாமென ஏற்றிருந்தது. கிழக்கின் கலப்பை உணர்ந்த ஏற்பாடு அது என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டே அது கிழித்தெறியப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1987 இல் வந்த இந்திய - இலங்கை உடன்படிக்கை, வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. அதிலே ஒப்பமிட்டவை இரண்டு அரசாங்கங்கள். கிழக்கின் மூன்றிலொரு பங்கினரான முஸ்லிம்களிடம் எவரும் முறையாகக் கேட்டாரில்லை. எம். எச். எம். அஷ்ரப் தலைமையிலே முஸ்லிம் காங்கிரஸ் இக்கரையில் விரைந்து வளர்ந்தமைக்கு இந்த மனக்குறையே பெருங் காரணம்.

1990 ஆகஸ்டைப் பற்றி விரித்துரைக்க நா எழவில்லை. 3 ஆம் நாள் காத்தான்குடியிலே தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 12 ஆம் நாள் சம்மாந்துறைக்கருகே வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அதன்பின் ஊருக்கும் ஊருக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகள் எல்லைகளாயின.

2002 பெப்ரவரியில் ஒப்பமான போர்நிறுத்த உடன்படிக்கையிலும் இரு தரப்பினரே இருந்தனர். முஸ்லிம் காங்கிரசின் தலைவர் ரவூப் ஹக்கீம் அவ்வாண்டு ஏப்ரலிலே கிளிநொச்சி சென்று தனியே ஓர் உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது.

பின்னர் 2004 டிசம்பர் 26. கடல் வந்தது. இலங்கையிலே ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மாண்டோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என அலை எந்த ஊரையும் பிரித்துப் பார்க்கவில்லை. உதவிகளைப் பங்கிடுவதற்காக அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனிலே பொதுக்கட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்த ஒப்பமிட்டன. அதன் பிராந்தியக் குழுவிலே பத்து இடங்கள்: புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசாங்கத்துக்கு இரண்டு. குழுவிலே இருக்கை கிடைத்தது; ஒப்பமிடும் மேசையிலே கிடைக்கவில்லை. பிணங்களை அடக்கிய கையின் மண் காயுமுன்னர், தம் பெயரால் யார் பேசுவதென்ற வினாவை இக்கரை மக்கள் எழுப்பவேண்டியிருந்தது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அக்கட்டமைப்பின் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அது நடைமுறைக்கு வரவேயில்லை.

வீட்டைப் பற்றி முன்னர்ச் சொன்னேன். கடலோரத்து வீடுகள் அழிந்தபோது அழிந்தவை பெண்மக்களின் சீதன வீடுகள். வடகிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அரசாங்கம் முதலில் விதித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இவ்வூர்களோ கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிட்டில் நெருக்கமாய் அமைந்தவை. இருநூறு மீற்றரை விட்டுவிட்டால் எங்கே போவது? கல்முனைக்குத் தெற்கே அக்கரைப்பற்றுப் பகுதியிலும் இதே இடர். அங்குள்ளார்க்கென உள்நாட்டிலே நுரைச்சோலை என்னுமிடத்திற் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள், பாடசாலை, மருத்துவமனை, பள்ளிவாசல் ஆகியவற்றோடு எழுந்தன.

அரச காணியிலே ஓர் இனத்தவர்க்கு மட்டும் வீடு வழங்கலாமோ என்று வழக்கு எழுந்தது. எல்லா இனத்தவர்க்கும் பங்கிட்டே வழங்கவேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்த்தது. சமத்துவமென்னும் கோட்பாட்டிலே அத்தீர்ப்பிற்கு இடமுண்டு. அதனை மறுக்க இயலாது. ஆயினும் வீடிழந்தவர் யார் என்ற வினா, எவ்வினத்தவர்க்கு எத்தனை என்ற வினாவின் கீழ் மறைந்துவிட்டதென்றே யான் கருதுகின்றேன். வீடுகள் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்தன. கூரைகள் சிதைந்தன, முற்றங்களிலே பற்றை மண்டிற்று. மணமுடிக்கவேண்டிய பெண்களோ உறவினர் வீடுகளிலே காத்திருந்தனர்.

இனப் பகையைத் தூண்டும் பேச்சைத் தடுக்கவும் ஒரு சட்டம் உண்டு. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு அது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரிலே, முஸ்லிம் ஒருவரின் உணவகத்து உணவிற் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாக வதந்தி கிளம்பிற்று. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஆய்ந்து பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. வதந்தி கிளப்பியோர்மீது பாய்ந்திருக்கவேண்டிய அப்பிரிவு, மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னர், கப்பற் சுக்கான் படம் அச்சிட்ட உடையணிந்த ஒரு முஸ்லிம் பெண்மீது பாய்ந்தது. அப்படத்தைத் தர்மச் சக்கரமென்று கருதிவிட்டார்களாம்!

கல்முனையிலே இன்னொரு வழக்கும் நெடுநாளாய் நிற்கின்றது. 1980களின் இறுதியிலிருந்து ஒரே நகரில் இரு பிரதேச செயலகங்கள் இயங்கி வருகின்றன. வடக்குச் செயலகம் தமிழ் மக்களுக்கானது. அதனை முழு அதிகாரமுடையதாகத் தரமுயர்த்துக என்று 2019 ஜூனிலே உண்ணாநோன்பு இருந்தோருள் ஒரு பௌத்த பிக்குவும் ஓர் இந்துக் குருவும் இருந்தனர். எல்லையை முதலில் வகுத்தல் வேண்டும் என்று முஸ்லிம்கள் எதிர்ச் சத்தியாக்கிரகம் இருந்தனர். சாய்ந்தமருது மக்களோ தமக்குத் தனி நகரசபை கேட்டுப் பல்லாண்டு போராடினர். 2020 பெப்ரவரியில் அதற்கான வர்த்தமானி வெளிவந்து, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது.

2015 இல் தொடங்கிய தேசிய ஒற்றுமைக்கும் நல்லிணக்கத்திற்குமான அலுவலகம், 2024 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தாற் சட்டவழி நிறுவனமாயிற்று. அதன் உத்தியோகத்தர் என்றேனும் கல்முனைக்கு வருவராயின், மருதமுனையில் இறங்கிக் காரைதீவு வரை நடந்தே செல்லட்டும். எல்லாம் ஒரே வீதிதான். ஒரு தாய் தன் மகளின் வீட்டுக் காணிப் பத்திரத்தைக் கையிலே வைத்துக்கொண்டு, எந்தக் கந்தோரிலே கொடுப்பதென்று அவரிடமே கேட்கவுங்கூடும்.