சேலத்திலிருந்து மக்கா எவ்வளவு தூரம்?



பழைய பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது சில ஊர்களில் ஒரு சர்ச்சை எழுவதைக் காண்கிறோம். கைப்பேசி ஒரு திசையைக் கிப்லா என்கிறது; பாட்டன்மார் அமைத்த மிஹ்ராபோ நேர் மேற்கே நிற்கிறது. "இத்தனை காலம் தொழுதது வீணா?" என்று முதியவர் கலங்குகிறார், இளைஞரோ அவசரப்படுகிறார். இருவரும் இவ்வரலாற்றை அறிதல் நலம்.

சேலத்திலிருந்து மக்காவுக்கு வான்வழி நேர்த்தூரம் சுமார் 4,200 கிலோமீட்டர். இதை யாரும் கயிறு பிடித்து அளக்கவில்லை. இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, பூமியின் அளவு ஆகியவை தெரிந்தால் கணக்கே விடை தரும். ஆனால் பூமியின் அளவை அறிய, முதலில் கயிறு பிடிக்கத்தான் வேண்டியிருந்தது.

கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) அறிஞர்களை இன்றைய இராக்கின் சின்ஜார் சமவெளிக்கு அனுப்பினார். வானில் அளந்த கோணம் ஒரு பாகை மாறும்வரை வடக்கும் தெற்குமாக நடந்து, கடந்த தூரத்தை அவர்கள் அளந்தனர். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 56⅔ அரபு மைல் என்று கண்டனர். இன்றைய கணக்கில் அது சுமார் 111 கிலோமீட்டர். நம் சமவெளியிலும் இதை உணரலாம். நாமக்கல் சேலத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே உள்ளது. இடைத்தூரம் நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர். அதாவது அரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு.

பின்னர் வந்த அல்பிரூனி (பிறப்பு 973), இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே மலையின் உயரத்தையும் அடிவானத்தின் தாழ்வுக் கோணத்தையும் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அவர் கண்ட விடை இன்றைய 6,371 கிலோமீட்டருக்கு நெருங்கியது என்பர் ஆய்வாளர். ஊர்களின் இருப்பிடங்களை நிர்ணயிக்க அவர் ஒரு தனி நூலே இயற்றினார். கஸ்னா நகரின் கிப்லாவைக் கண்டறிவது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. தொழுகைக்காகத் தேடிய அதே கணிதம் இன்று விமானத்தின் பாதையையும் வகுக்கிறது.

தட்டையான வரைபடத்தில் சேலத்தையும் மக்காவையும் கோட்டால் இணைத்தால், அது மேற்கிலிருந்து சுமார் 15 பாகை வடக்கே சாயும். பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால், சேலத்தில் அது சுமார் 20 பாகை சாய்ந்து புறப்படும். இதுவே மிகக் குறுகிய வழி, கிப்லாவும் இதுவே.

நம் முன்னோருக்கு மக்கா வானத்தில் சில மணி நேரமன்று. பம்பாய் சென்று கப்பலேறிக் கடக்க வேண்டிய கடல். அந்த ஹஜ் கப்பல் 1995 வரை ஓடியது. மேற்கே கடல் கடந்து கஃபா இருப்பதை அறிந்து, இயன்றவரை முகம் திருப்பினர். தொலைவில் உள்ளோர் கிப்லாவின் திசையை முன்னோக்கினால் போதும் என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. எனவே அவர்களுடைய தொழுகையை வீண் என்று சொல்ல நாம் நாவசைக்கலாகாது. அதேவேளை, துல்லியம் தெரிந்தபின் ஸஃப்பைச் சற்றுத் திருப்பத் தயங்கவும் கூடாது. ஆலிம்களைக் கலந்து, சச்சரவின்றிச் செய்வோம். ஸஃப்பு நேராகும்போது உள்ளங்கள் கோணலாகிவிடக் கூடாது.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த 4,200 கிலோமீட்டரைக் கடந்து கஃபாவைக் கண்ணாரக் காணும் பாக்கியத்தை நஸீபாக்குவானாக! ஆமீன்.