தை ஐந்தில் நீராடுவது யார்?

புதுச்சேரியைச் சேர்ந்த குருவிநத்தத்தில் பொங்கல், காணும் பொங்கலோடு முடிந்துவிடுவதில்லை. தை 5-ஆம் நாள், அதாவது ஜனவரி 18 அல்லது 19-இல், பாகூர் வட்டாரத்து ஊர்ச் சாமிகள் அலங்கரித்த வண்டிகளில் தென்பெண்ணை ஆற்றுக்குப் புறப்படுகின்றன. ஊர்ப்பேச்சில் அது ‘ஆத்துத் திருவிழா’. கோயில்காரர்களுக்கு ‘தீர்த்தவாரி’. தையில் நீராடுவதற்கு இவற்றினும் பழைய பெயர் ஒன்று சங்கப் பாடல்களில் கிடக்கிறது: தைந்நீராடல்.

அங்கே நீராடுபவர்கள் பெண்கள். தை மாதத்தில் அவர்கள் குளிர்ந்த கயத்தில் இறங்குவதை நற்றிணையும் ஐங்குறுநூறும் சொல்கின்றன. கயம் என்றால் குளம்; ஆறு அல்ல. நோன்பாக நடந்த நீராடல் அது. நற்றிணையில் ஒரு புலவருக்கு இதில் வேடிக்கையும் தோன்றியிருக்கிறது: கதிரைக் கசக்கித் தினையைக் கன்னம் புடைக்க அடக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கும் குரங்குகள், தை நோன்பு முடித்து உண்ண அமர்ந்தவர்களைப் போல அவர் கண்ணுக்குப் படுகின்றன. பின்னால் வந்த ஆண்டாள் மார்கழி, தை இரண்டையும் விடவில்லை. திருப்பாவை மார்கழிக்கு, நாச்சியார் திருமொழி தொடங்குவதோ தை நோன்பில்.

தைந்நீராடலில் உள்ள ‘ஆடு’ தன்வினை, ‘ஆட்டு’ அதன் பிறவினை. நீராடுகிறவர் தானே மூழ்குகிறார். நீராட்டப்படுகிறவரைப் பிறர் மூழ்குவிக்கிறார்கள். கோயில் விழாவில் நடப்பது இரண்டாவது. இந்தப் பிறவினையை மலையாளம் பத்திரமாக வைத்திருக்கிறது. அங்கே சாமி ஆற்றுக்குப் போவது இன்றும் ‘ஆறாட்டு’. தமிழ்க் கோயில்கள் வடசொல்லுக்குப் போய்விட்டன. ‘தீர்த்தம்’ கடத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. முதலில் அதற்கு ஆற்றைக் கடக்கும் துறை என்றே பொருள். புனித நீர் என்பது பிறகு ஏறியது. ‘வாரி’க்கு நீர், வெள்ளம், கடல் என்று அகராதியில் பொருள்கள் உண்டு.

ஊர்க்காரர்கள் இந்த வம்புக்கே போகவில்லை. ஆறு, திருவிழா, அவ்வளவுதான். நீராடுகிற பெண்ணும் நீராட்டப்படுகிற சாமியும் பெயரிலிருந்து விலகி, ஆறு முன்னால் வந்து நிற்கிறது.

சங்ககாலத் தைந்நீராடல்தான் இன்றைய ஆற்றுத் திருவிழா என்று மேடையில் முழங்குவது எளிது. நடுவில் இருக்கும் நூற்றாண்டுகளுக்கு யார் சான்று தருவது? மாதமும் குளிர்ந்த நீரும் பொது என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

விழா நடப்பது மணலில். பந்தல்களில் சாமிகள் வரிசையாக நிற்க, சிவன் கோயில் தீர்த்தவாரியில் அஸ்திரதேவரான சூலத்தைக் குருக்கள் நீருக்குள் கொண்டுபோய் முழுக்குவார். அதே நேரத்தில் சுற்றியிருப்பவர்களும் மூழ்கி எழுவார்கள். கரையில் பலூன், வளையல், பொரி. தவறாமல் சுருளிக் கிழங்கும் குவிந்திருக்கும். கடலூர்ப் பக்கத்திலும் ஆற்றுத் திருவிழா என்றால் அந்தக் கிழங்குதான். இதே நாளில், இதே ஆற்றின் மேல்பகுதியில், மணலூர்பேட்டைக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே வந்து தீர்த்தவாரி கொடுக்கிறார். உலகின் வேறு மூலையில், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் இயேசுவின் திருமுழுக்கை நினைத்து உறைந்த ஆற்றில் பனிக்கட்டியை வெட்டித் துளையிட்டு முழுகுவதும் ஜனவரி 19-ஐ ஒட்டியே. உறவு எதுவும் இல்லை, நாள்காட்டியின் குறும்பு.

காவிரிக்கு ஆடிப்பெருக்கு இருக்க, பெண்ணைக்கு ஏன் தை? காவிரியின் புதுவெள்ளம் தென்மேற்குப் பருவமழையில் வருகிறது. பெண்ணையின் கீழ்ப்பகுதி நிறைவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில். ஐப்பசி, கார்த்திகையில் அது இறங்கக்கூடிய ஆறே அல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலையடுத்துச் சாத்தனூர் அணை திறக்கப்பட்டபோது, அந்த வெள்ளம் பாகூர் பகுதி ஊர்களுக்குள்ளேயே புகுந்தது. தை பிறக்கையில் மழை ஓய்ந்து, நீர் ஒதுங்கி, பந்தல் போட மணலும் முழுக்குப் போட ஓடையும் சேர்ந்து கிடைக்கின்றன.