தேர்வும் தேர்தலும்: பிரேசிலின் பதினொரு பெயர்கள்

படை புறப்படுமுன் நற்சொல் கேட்டு நிற்பதை விரிச்சி என்று நம் இலக்கணம் குறித்தது. முல்லைப்பாட்டில், போருக்குச் சென்ற தலைவன் எப்போது மீள்வான் என்று அறிய, முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் மலரும் தூவி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கின்றனர். எவளோ ஓர் ஆயர்மகள் தன் கன்றுக்குச் சொன்ன ஆறுதல் மொழியே அவர்களுக்கு நற்சொல்லாகிறது. இக்காட்சியை வகுப்பறையில் நடத்தும்போதெல்லாம் நமக்கு ஏனோ பிரேசில் நாட்டின் நினைவு வரும். உலகக் கோப்பை ஆட்டத்துக்கு முந்தைய நாள் அந்நாட்டு மக்கள் பதினொரு பெயர்களுக்காகக் காத்திருப்பதும் ஒருவகை விரிச்சியே.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முதுபெண்டிர் வந்த சொல்லை ஏற்றுக்கொண்டனர். பிரேசில் ரசிகரோ தமக்கென்று ஒரு பட்டியலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, அறிவிக்கப்படும் பட்டியலை அதனோடு ஒப்பிட்டு வழக்காடுபவர். தம் தேசிய அணியை அவர்கள் 'செலெசாவ்' என்று அழைக்கின்றனர். அப்போர்ச்சுகீசியச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'தேர்வு' என்பதே. ரசிகரைக் குறிக்கும் 'டோர்செடோர்' என்னும் சொல்லோ முறுக்குதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. பதற்றத்தில் உடலை முறுக்கிக்கொள்பவர் என்று அதற்கு விளக்கம் சொல்வர்.

தேர்வு என்று பெயர் கொண்ட ஓர் அணியின்மீது இத்தனை முறுக்கம் ஏன்? ஆட்டத்தின்மீதுள்ள ஆசை மட்டும் விடையாகாது. நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அம்மக்களுக்கு நெடுங்காலம் இல்லாமலிருந்தது. தேர்தல் இல்லாத நாட்டில் தேர்வைப் பற்றியாவது பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே நாம் இங்குச் சொல்ல விழைவது. மூன்று உலகக் கோப்பைகளின் வழியே இதைப் பார்ப்போம்.

*

1937 நவம்பர் 10 அன்று, அதிபர் ஜெதூலியோ வர்காஸ் நாடாளுமன்றத்தை மூடி, 1938 ஜனவரியில் நடைபெறவிருந்த தேர்தலை நீக்கி, 'புதிய அரசு' என்னும் பெயரில் தனியாட்சியை நிறுவினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் பிரான்சில் மூன்றாவது உலகக் கோப்பை. பிரேசிலின் ஆட்டங்கள் வானொலியில் கடல் கடந்து நேரடியாக ஒலித்தது அம்முறைதான். தெருக்களில் ஒலிபெருக்கிகளின் கீழே கூட்டம் கூடிற்று.

அக்கூட்டம் கேட்க விரும்பிய பெயர் லியோனிதாஸ் ட சில்வா. கறுப்பின மக்களுள் தோன்றி, 'கறுப்பு வைரம்' என்று போற்றப்பட்ட முன்கள வீரர். முதல் ஆட்டத்தில் போலந்தை 6-5 என்ற கணக்கில் பிரேசில் வென்றபோது மூன்று கோல்கள் அவருடையவை. செக்கோஸ்லோவாக்கியாவுடன் ஜூன் 12 அன்று ஆடிய ஆட்டம் சமனில் முடிய, ஜூன் 14 அன்று மீண்டும் ஆட வேண்டியதாயிற்று. இரண்டிலும் லியோனிதாஸ் கோல் அடித்தார். ஜூன் 16 அன்று மார்செய் நகரில் இத்தாலியுடன் அரையிறுதி. ஐந்து நாட்களுக்குள் மூன்று ஆட்டங்கள்.

அரையிறுதிப் பட்டியலில் லியோனிதாஸின் பெயர் இல்லை. பிரேசில் 1-2 என்று தோற்றது. இறுதியாட்டத்துக்காக அவரைப் பயிற்றுநர் அதெமார் பிமென்டா ஓய்வில் வைத்தார் என்ற பேச்சு அன்றே எழுந்து இன்றுவரை வழங்கி வருகிறது. உண்மையில் அவர் காயமுற்றிருந்தார். ஆயினும் மூன்று நாள் கழித்து, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவர் களமிறங்கி ஸ்வீடனுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தபோது, ஐயம் தீராத ஐயமாகிவிட்டது.

தோல்வியைவிட அந்த விடுபட்ட பெயர்தான் மக்களை உறுத்தியது. ஏன் அவர் ஆடவில்லை என்று பயிற்றுநரை நிறுத்திக் கேட்க ஓர் அவை இல்லை. நாடாளுமன்றமே மூடிக் கிடந்த காலம். விடை கிடைக்காத வினா கதையாக மாறிற்று.

*

இரண்டாவது கட்டம் இன்னும் கடுமையானது. 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1968 டிசம்பர் 13 அன்று வெளியான ஐந்தாம் நிறுவனச் சட்டம் நாடாளுமன்றத்தைக் காலவரையின்றி மூடவும், குடிமக்களின் அரசியல் உரிமைகளைப் பறிக்கவும் வழிசெய்தது. தணிக்கையும் சித்திரவதையும் மிகுந்தன. நாட்டின் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தேர்தல் 1960இல் நடந்தது, அடுத்தது 1989இல்தான்.

கால்பந்தும் அப்போது தலைகுனிந்து நின்றது. 1966 உலகக் கோப்பைக்கு முன் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரரை அழைத்து, பல அணிகளாகப் பிரித்துப் பயிற்றுவித்தனர். முதல் பதினொருவர் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. ஹங்கேரியிடமும் போர்ச்சுகலிடமும் தோற்று, முதற்சுற்றிலேயே பிரேசில் வெளியேறியது.

இந்தச் சூழலில், 1969 பிப்ரவரியில், ஜோவாவ் சல்தான்யா பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். அவர் கூர்மையான நாக்குடைய பத்திரிகையாளர், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். இராணுவ ஆட்சியின்கீழ் ஒரு கம்யூனிஸ்ட் தேசிய அணியின் பொறுப்பேற்றது நமக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. பொறுப்பேற்றவுடன் அவர் செய்த முதற்செயல், ஆடப்போகும் பதினொருவரையும் மாற்று வீரர் பதினொருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததுதான். மாதக்கணக்கில் நீளவேண்டிய விரிச்சியை ஒரே நாளில் முடித்துவிட்டார். எதுவும் மறைவில் முடிவாகும் நாட்டில் ஒரு முடிவேனும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது.

அவ்வணி 1969 ஆகஸ்டில் ஆறு தகுதிச்சுற்று ஆட்டங்களையும் வென்றது. அடித்த கோல்கள் 23; வாங்கியவை 2. ஆகஸ்ட் 31 அன்று பராகுவேயுடனான கடைசி ஆட்டத்தைக் காண மரக்கானா அரங்கில் நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் மட்டும் 1,83,341 பேர். பத்துக் கோல் அடித்த டோஸ்டாவ் அடுத்த மாதமே கண்ணில் பந்து பட்டு விழித்திரை விலகி, அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அவர் மீண்டும் ஆடுவாரா, பெலேயும் அவரும் ஒரே அணியில் பொருந்துவார்களா என்பவையே நாட்டின் உரக்கப் பேசத்தக்க வினாக்களாயின. உரக்கப் பேசத்தகாத வினாக்கள் வேறு பல இருந்தன.

1969 அக்டோபர் இறுதியில் அதிபரான தளபதி எமீலியோ மெதிசியும் ஒரு கால்பந்துப் பித்தர். அவருக்கு அட்லெட்டிகோ மினெய்ரோ கழகத்தின் முன்கள வீரர் தாரியோ மிகவும் பிடித்தமானவர். தாரியோவை அணியில் சேர்க்கவேண்டும் என்ற அதிபரின் விருப்பம் சல்தான்யாவின் காதுக்கு எட்டியது. அமைச்சர்களை அவர் தேர்ந்தெடுக்கட்டும், அணியை நான் தேர்ந்தெடுக்கிறேன் என்ற பொருள்பட சல்தான்யா விடையிறுத்தார். 1970 மார்ச் 17 அன்று அவர் பதவி நீக்கப்பட்டார்.

நீக்கத்துக்கு இந்த ஒரு விடை மட்டுமே காரணம் என்று கொள்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அம்மாதத் தொடக்கத்தில் அர்ஜென்டினாவிடம் சொந்த மண்ணிலேயே தோல்வி. பெலேயையே நீக்கலாம் என்ற பேச்சு. தம்மைக் குறைகூறிய மற்றொரு பயிற்றுநரைத் துப்பாக்கியோடு தேடிச் சென்ற முன்கோபம். இவையும் சேர்ந்தே அவரை வீழ்த்தின. ஆனால் மக்கள் நினைவில் நின்றது அந்த விடைதான். ஆள்பவரிடம் இது உம்முடைய தேர்வன்று என்று சொல்ல ஒருவருக்குத் துணிவிருந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

அடுத்து வந்த மரியோ ஜகாலோ தாரியோவை அணியில் சேர்த்துக்கொண்டார். மெக்சிகோவில் ஒரு நிமிடமும் ஆடவிடவில்லை. அரசனுக்கும் ஆட்டத்துக்கும் ஒருசேர வரி செலுத்திய சாதுரியம் அது. பெலே, டோஸ்டாவ், ஜெர்சன், ரிவெலினோ, ஜைர்சின்யோ ஆகிய ஐவரையும் ஒன்றாகக் களமிறக்கி, ரசிகர்கள் தெருமுனையில் கேட்டுக்கொண்டிருந்த வினாவுக்கும் விடை தந்தார். 1970 ஜூன் 21 அன்று இத்தாலியை 4-1 என்று வென்று பிரேசில் மூன்றாம் முறை கோப்பையைப் பெற்றது. அந்த 4-1ஐ மெதிசி முன்கூட்டியே கணித்துச் சொன்னது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. வெற்றியை அரசு தன் விளம்பரமாக்கிக்கொண்டது.

ஆட்சியை எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள்? இவ்வணி வென்றால் கொடுங்கோலர்க்கே வலிமை, ஆகவே தோற்க வேண்டும் என்று உறுதி பூண்டவர்கள் இருந்தனர். முதல் ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியா முதல் கோலை அடித்தது. சற்று நேரத்தில் ரிவெலினோவின் உதை வலைக்குள் பாய, அந்த உறுதியும் கூடவே போயிற்று என்பதைப் பின்னாளில் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். அவர்களை நாம் நகைக்க இயலாது. அந்த அணி தளபதியுடையது அன்று, தம்முடையது என்று அவர்கள் உள்ளத்தில் அறிந்திருந்தனர். தம்முடைய பொருளைப் பிறர் கையாண்டுவிட்டார் என்பதற்காக அதை வெறுத்துவிட முடியுமா?

*

தேர்வும் தேர்தலும் வெளிப்படையாகக் கைகோத்தது 1980களில். சாவோ பாவ்லோவின் கொரிந்தியன்ஸ் கழகத்தில் ஆட்டக்காரரும் ஊழியரும் வாக்களித்தே முடிவுகளை எடுத்தனர். 1982 நவம்பரில் மாநில ஆளுநர் தேர்தல் வந்தபோது, 15ஆம் நாள் வாக்களியுங்கள் என்ற வேண்டுகோளை முதுகில் தாங்கி ஆடினர். அவர்களுள் முதன்மையானவர், மருத்துவமும் பயின்ற சாக்ரடீஸ். அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் திருத்தம் நிறைவேறினால் வெளிநாட்டுக் கழகத்துக்குச் செல்லமாட்டேன் என்று 1984இல் பெருங்கூட்டத்தின் முன் அறிவித்தார். ஏப்ரல் 25 அன்று திருத்தம் தோற்றது. அவர் இத்தாலிக்குச் சென்றார். மக்கள் இன்னும் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

*

மூன்றாவது கட்டம் மக்களாட்சி மீண்ட பிறகு நிகழ்ந்தது. 1998 ஜூலை 12, பாரிசை ஒட்டிய ஸ்தாத் தெ பிரான்ஸ் அரங்கம். இறுதியாட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பு வழங்கப்பட்ட பட்டியலில் இருபத்தொரு வயது ரொனால்டோவின் பெயர் இல்லை. எட்முண்டோவின் பெயர் இருந்தது. சிறிது நேரத்தில் மாற்றுப் பட்டியல் வந்தது. அதில் ரொனால்டோ இருந்தார். அன்று பிற்பகல் விடுதியில் அவருக்கு வலிப்பு வந்ததும், மருத்துவமனைச் சோதனைக்குப் பின் ஆட விரும்புகிறேன் என்று அவர் அரங்கத்துக்கு வந்து சேர்ந்ததும் பிறகே தெரிந்தன. பயிற்றுநர் அதே ஜகாலோ. பிரான்ஸ் 3-0 என்று வென்றது.

1938இன் ஐயம் அறுபது ஆண்டு கழித்துத் தலைகீழாக எழுந்தது. அன்று ஏன் ஆடவில்லை என்று கேட்டனர். இன்று ஏன் ஆடினார் என்று கேட்டனர். பட்டியலை மாற்றியது யார்? 1996இல் பத்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்ட நைக்கி நிறுவனமா? இம்முறை கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. 2000 அக்டோபரில் நாடாளுமன்றக் கீழவையில் விசாரணைக் குழு அமைந்தது. ஜகாலோவும் அணியின் மருத்துவரும் சாட்சியம் அளித்தனர். 2001 ஜனவரியில் ரொனால்டோவும் அளித்தார். தேர்வில் நிறுவனம் தலையிட்டது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கால்பந்து நிர்வாகத்தின் சீர்கேடுகள் வெளிச்சத்துக்கு வந்தன.

ஒரு நாட்டின் மன்றம் ஆட்டக்காரர் பட்டியலை விசாரித்ததை உலகம் வேடிக்கையாகப் பார்த்தது. நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. தேர்தல் இல்லாத காலத்தில் தேர்வைப் பற்றிப் பேசிப் பேசியே வினவும் பழக்கத்தைக் காத்துவந்த மக்கள், தேர்தல் வந்ததும் அந்த வினாவைத் தம் பிரதிநிதிகளின் வாயிலாகவே கேட்டனர். 2003 மே மாதம் ரசிகர்களின் உரிமைகளை வரையறுக்கும் சட்டமொன்றும் பிறந்தது. உடலை முறுக்கிக்கொண்டு நின்ற டோர்செடோர் சட்டத்தில் ஓர் உரிமையாளராக இடம்பெற்றார். 2023ஆம் ஆண்டின் பொது விளையாட்டுச் சட்டம் அச்சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது.

மக்கள் வைத்திருக்கும் பட்டியல் எப்போதும் சரியானதா என்றால், இல்லை. 2002இல் ரொமாரியோவைச் சேர்க்க வேண்டும் என்று நாடே முழங்கியது. பயிற்றுநர் ஸ்கொலாரி மறுத்தார். ஜூன் 30 அன்று யோகோகாமாவில் ஜெர்மனிக்கு எதிராக ரொனால்டோ இரண்டு கோல் அடிக்க, பிரேசில் ஐந்தாம் முறை வென்றது. முழங்கியவர்களே தெருவில் இறங்கி ஆடினர். வாக்களிப்பவரும் பிழை செய்வதுண்டு. பிழை செய்யும் உரிமையும் சேர்ந்ததே வாக்குரிமை.

சல்தான்யா 1990இல் உலகக் கோப்பையைப் பற்றி எழுதச் சென்ற இடத்தில், உரோம் நகரில், காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில் அவர் நாட்டு மக்கள் இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தம் அதிபரைத் தாமே தேர்ந்தெடுத்திருந்தனர். அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலைப் பற்றிய வழக்கு அதனால் ஓய்ந்துவிடவில்லை. ஓயவும் வேண்டியதில்லை.