எட்டயபுரத்து அச்சு: தீட்சிதர் கிருதிகள் நூலேறிய வரலாறு

முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் காலமானார். அவருடைய கிருதிகள் சுரக்குறிப்போடு திரளாக அச்சேறியதும் அதே ஊரில்தான், 1904இல். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் அவற்றைக் காத்தவை பெரும்பாலும் குரல்களும் கையேடுகளும். தியாகராஜருக்கு வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சீடர் மரபுகள் பரவியிருந்தன. தீட்சிதருக்குத் தஞ்சை நால்வர் போன்ற பெரிய சீடர்கள் இருந்தும் அத்தகைய பரவல் வாய்க்கவில்லை. ஆகவே இன்று நாம் அறியும் தீட்சிதர், பெருமளவுக்கு ஒரு நூலின் வழியாக வந்தவர்.

அந்நூல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. சுப்பராமர், முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்கு மகள் வயிற்றுப் பேரன். அவராலேயே சுவீகாரம் எடுத்துக்கொள்ளப்பட்டவர். கர்நாடக இசையை மேனாட்டுச் சுரலிபியில் பதிப்பித்துவந்த சின்னசாமி முதலியாரின் தூண்டுதலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் பொருளுதவியும் இல்லையென்றால் குடும்பச் சொத்தாக இருந்த இப்பாடங்கள் வெளியே வந்திருக்குமா என்பது ஐயமே. நூல் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. வேங்கடமகி மரபின் 72 மேளங்களை ஒட்டி இராகங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய கமகத்தைக் குறியீடுகளால் காட்டி, தீட்சிதரின் 229 கிருதிகளைத் தந்தது. அக்காலச் சாகித்தியப் புத்தகங்கள் பல வெறும் சொற்களோடு நின்றுவிட்டதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

அச்சு, பாடத்தைக் காத்ததோடு ஓர் எல்லையையும் வகுத்தது. கல்லிடைக்குறிச்சி சுந்தரமய்யர் பின்னர் வெளியிட்ட தொகுதிகள் மேலும் பல கிருதிகளைச் சேர்க்க, எண்ணிக்கை ஐந்நூறை நெருங்கியது. இவற்றுள் எவை தீட்சிதருடையவை? 'குருகுஹ' முத்திரை மட்டும் சான்றாகாது. முத்திரையை யார் வேண்டுமானாலும் இடலாம்.

நவக்கிரக கிருதிகளையே எடுத்துக்கொள்வோம். சுப்பராமர் நூலில் இருப்பவை வாரத்தின் ஏழு நாள்களுக்கான ஏழு மட்டுமே. ஞாயிற்றுக்குரிய சௌராஷ்டிரக் கிருதி துருவ தாளம்; திங்களுக்குரிய அசாவேரி மட்யம்; செவ்வாயின் சுருட்டி ரூபகம்; தொடர்ந்து ஜம்பை, திரிபுடை, அட தாளங்கள் முறையே வர, சனியின் யதுகுலகாம்போஜி ஏக தாளத்தில் முடிகிறது. ஸூளாதி ஏழு தாளங்களும் மரபு வரிசை பிசகாமல் அமைந்த கட்டுமானம் இது. பின்னர் அச்சேறிய ராகு, கேது கிருதிகள் இரண்டும் மீண்டும் ரூபகத்தில் அமைந்தவை. ஏழோடு நிறைவடைந்த திட்டத்தில் இவற்றுக்கு இடமில்லை. நூலில் விடுபட்டது மட்டும் என்றால் தற்செயல் எனலாம். தாள அமைப்பும் சேர்ந்து சொல்லும்போது, இவை பிற்சேர்க்கை என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் கோயில்களில் கிரகங்கள் ஒன்பதாயிற்றே! கச்சேரிகளிலும் இசைத்தட்டுகளிலும் தொகுப்பு ஒன்பதாகவே நிலைத்துவிட்டது.

மறுபக்கம், அச்சிட்ட பாடத்தை மேடை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஹம்ஸத்வனியில் 'வாதாபி கணபதிம்' நூலில் சிக்கனமாக நிற்கிறது. மகா வைத்தியநாதய்யர் மரபில் வந்த மேடை வடிவமோ சங்கதிகளால் பெருத்தது. சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதரிடம் கற்ற டி.எல். வெங்கடராமய்யர், அவரிடம் கற்ற டி.கே. பட்டம்மாள் என்ற வழியிலும், சாத்தனூர் பஞ்சநதய்யரிடமிருந்து வீணை தனம்மாள் குடும்பத்துக்கு வந்த வழியிலும் பாடங்கள் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடுகளைப் பிழையென்று தள்ளுவதைவிட, 1904க்கு முன்பே கிளைத்த மரபுகளின் தடயங்களாக நூலோடு வைத்து ஒப்பிடுவதே பயனுள்ள வேலை.